ஓடிக்கொண்டிருந்த அம்பாசிடர் நடுரோட்டில் நின்றால்: கரண்டா, பெட்ரோலா என்று கண்டுபிடிக்கும் வழி

என் வண்டி 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4. பெட்ரோல், 1489 சிசி. வாங்கி நான்கே மாதத்தில், அச்சரப்பாக்கம் தாண்டி திண்டிவனம் போகிற வழியில் திடீரென்று குலுங்கி நின்றுவிட்டது. இருபது நிமிடம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரம் மறுபடி நின்றது. முதல் கடையில் "பெட்ரோல் பத்தலை" என்று பம்பை மாற்றினார்கள், 1,800 ரூபாய். இரண்டாவது கடையில் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி கிட் போட்டார்கள், 2,200. மூன்றாவது தடவை நின்றபோது டோ வண்டிக்கு 4,500. மொத்தம் 8,500 ரூபாயும் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் போனது. கடைசியில் கோளாறு இரண்டு அங்குல நீள ஒயரில் இருந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

பழைய வண்டி புதிதாக வாங்கியவர்கள் இந்தச் செலவைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெட்ரோல் எஞ்சின் நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று வரவில்லை: பிளக்குக்குக் கரண்ட், அல்லது கார்புரேட்டருக்குப் பெட்ரோல். இரண்டும் வந்தும் ஓடவில்லை என்றால் எஞ்சினுக்குள்ளேயே ஏதோ ஆகியிருக்கிறது. எது வரவில்லை என்று தெரியும்வரை ஒரு பாகத்தையும் மாற்ற விடாதீர்கள்.

இது பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சின்ன ஸ்விட்ச்), கண்டென்சர் (அந்த ஸ்விட்ச் கருகாமல் காக்கும் சின்ன டப்பா) வைத்த பெட்ரோல் அம்பாசிடருக்கு எழுதியது. பிரீமியர் பத்மினி காருக்கும் பெரும்பாலும் பொருந்தும். டீசல் வண்டிக்குப் பொருந்தாது, அதில் பிளக் தீப்பொறியே கிடையாது.

1. ஓரம் கட்டுங்கள், எப்படி நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள்

வேகம் இருக்கும்போதே கிளட்சை மிதித்து இடது ஓரத்துக்கு உருட்டிவிடுங்கள். ஹேண்ட் பிரேக், நியூட்ரல். டிக்கியில் சிவப்பு முக்கோணம் இருந்தால் வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். பழைய வண்டியில் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து எரிகிற வசதி இருக்காது, அதனால் இரவில் இந்த முக்கோணம்தான் உங்களைக் காப்பாற்றும். குடும்பத்தை வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைக்கலாம். எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.

இப்போது போனை எடுத்து, ஞாபகம் மாறுவதற்குள் எழுதுங்கள். நிற்கும்போது என்ன வேகம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, டெம்பரேச்சர் முள் எங்கே இருந்தது, ஆக்சிலரேட்டர் மிதித்தபோதா விட்டபோதா, சத்தம் ஏதாவது கேட்டதா. மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான். "சும்மா ஓடிட்டே இருந்துச்சு, நின்னுபோச்சு" என்று சொன்னால் அவர் கைக்கு எது முதலில் வருகிறதோ அதைக் கழட்டுவார்.

வண்டி நின்ற விதமே பாதி பதிலைச் சொல்லும். சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். இழுவை குறைந்து, இருமி, குலுங்கி, ஆக்சிலரேட்டரை விட்டால் கொஞ்சம் சுதாரித்து, பிறகு நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். 'டக்' என்றோ கடகடவென்றோ சத்தம் கேட்டு நின்றால் செல்ஃப் அடிக்காதீர்கள், நேராக ஐந்தாம் படிக்குப் போங்கள். "பெரும்பாலும்" என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். என் வண்டி குலுங்கித்தான் நின்றது. ஆனால் கோளாறு கரண்டில்.

2. செல்ஃப் அடிக்கும் முன் இரண்டு நிமிடம்

டெம்பரேச்சர் முள் சிவப்பில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் நிழலில் நில்லுங்கள். சூடாக இருக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

முள் சரியாக இருந்தால் சாவியை ஆன் பண்ணுங்கள். சிவப்பு சார்ஜ் விளக்கு எரிகிறதா? ஹாரன் முழுச் சத்தத்தில் அடிக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பேட்டரி டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அதுதான் காரணம். இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். எந்த முனையின் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்க்காமல் கேபிளை வைக்காதீர்கள்.

3. கரண்ட் வருகிறதா

முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் பைப்பைக் கழட்டினால் கையெல்லாம் பெட்ரோல், எஞ்சின் மேலெல்லாம் பெட்ரோல். அதற்குப் பிறகு தீப்பொறி பார்ப்பது தற்கொலை வேலை. எப்போதும் கரண்ட் முதலில், பெட்ரோல் பிறகு. பானெட்டைத் திறந்ததுமே பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் தீப்பொறிச் சோதனையே வேண்டாம், எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள்.

காயில் என்பது பேட்டரிக் கரண்டைப் பொறி பாயும் அளவுக்கு ஏற்றிவிடும் உருளை. டிஸ்ட்ரிபியூட்டர் அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், பாயிண்டும் அதற்குள்தான். காயிலின் நடுவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு ஒரு தடித்த ஒயர் போகும். மூடிப் பக்கத்து முனையைப் பிடுங்குங்கள். ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளையரால் அதைப் பிடித்து, எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் கையால் பிடிக்காதீர்கள். துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பேன் பக்கம் போகக் கூடாது.

'சட் சட்' என்று சத்தத்தோடு நீலமாகப் பொறி பாய்ந்தால் காயில்வரை சரி. மிச்சம் இருப்பது மூடி, அதற்குள் சுற்றுகிற ரோட்டார், பிளக் ஒயர்கள். மழையில் நின்றிருந்தால் மூடியைக் கழட்டி உள்ளே வெளியே உலர்ந்த துணியால் துடையுங்கள், பாதி வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும். மூடிக்கு உள்ளே நடுவில் ஒரு சின்ன கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும், அது இருக்கிறதா பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் பென்சிலால் கோடு போட்டது மாதிரி கறுப்பாகத் தெரியும். ரோட்டாரிலும் அப்படியே பாருங்கள்.

பொறி மஞ்சளாக, சோம்பேறித்தனமாக வந்தாலோ வராமலே போனாலோ, அடுத்தது டெஸ்ட் பல்ப். 12 வோல்ட், 5 வாட் பல்ப் ஒன்று, இரண்டு ஒயர், இரண்டு கிளிப். எலெக்ட்ரிக் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். என் டிக்கியில் இருக்கிற சாமான்களில் அதிக வேலை செய்தது இதுதான்.

காயிலில் இரண்டு சின்ன டெர்மினல் இருக்கும். பழைய லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ, சி.பி. என்று எழுத்து இருக்கும். எஸ்.டபிள்யூ என்பது சாவியிலிருந்து கரண்ட் வரும் பக்கம், சி.பி. என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கம். எழுத்து அழிந்திருந்தால் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பல்பின் ஒரு முனையை எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். சாவி ஆன். இன்னொரு முனையை முதலில் எஸ்.டபிள்யூ பக்கம் வையுங்கள். எரியவில்லை என்றால் காயில்வரைக்குமே கரண்ட் வரவில்லை. இக்னிஷன் ஸ்விட்ச், அல்லது இடையில் ஏதோ ஒரு ஒயர் நழுவியிருக்கிறது.

அங்கே எரிந்தால் சி.பி. பக்கத்துக்கு மாற்றிவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பல்ப் கண் சிமிட்டினால் பாயிண்ட் திறந்து மூடுகிறது, சுற்று வேலை செய்கிறது. அப்படியும் பொறி மோசமென்றால் சந்தேகம் கண்டென்சர் மேலும் காயில் மேலும்.

பல்ப் எரியவே இல்லையென்றால் காயிலின் உள் சுற்று அறுந்திருக்கலாம், அல்லது சி.பி.க்குப் பிறகு எங்கோ எர்த் ஆகியிருக்கலாம், அல்லது பாயிண்ட் திறக்கவே இல்லை. சி.பி. டெர்மினலில் இருக்கிற ஒயரைக் கழட்டிவிட்டு, வெறும் டெர்மினலில் பல்பை வையுங்கள். இப்போது எரிந்தால் காயில் நல்லது, கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்.

பல்ப் சிமிட்டாமல் விடாமல் எரிந்தால் கரண்ட் பாயிண்டைத் தாண்டி எர்த்துக்குப் போகவில்லை. பாயிண்ட் முகம் கருகியிருக்கும், அல்லது உள்ளே ஒயர் அறுந்திருக்கும்.

என் வண்டியில் மூன்றாவதுதான் நடந்தது. திண்டிவனத்தில் ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கடைக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. நான் பம்ப் மாற்றிய பில்லையும் கார்புரேட்டர் பில்லையும் நீட்டினேன். வாங்கிப் பார்க்கவே இல்லை.

"தம்பி, ஐடிலிங்ல நிக்குதா, மிதிச்சா நிக்குதா?"

"மிதிச்சாத்தான் பாய்."

"அப்ப பெட்ரோலைத் தொடாதீங்க. மூடியைக் கழட்டுங்க."

மூடியைக் கழட்டி, ரோட்டாரை உருவி, சி.பி. டெர்மினலில் பல்பை மாட்டினார். பாயிண்ட் மூடியிருந்தது, ஆகவே பல்ப் எரியக் கூடாது. எரியவில்லை. எல்லாம் சரியென்று நான் நினைத்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டை மெதுவாக ஒரு பக்கம் தள்ளினார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. விட்டார், அணைந்தது. தள்ளினார், எரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலிருந்து பாயிண்டுக்குப் போகிற இரண்டு அங்குல ஒயர், வெளியே துணி உறை புத்தம் புதிது மாதிரி இருக்கிறது. உள்ளே செம்பு இழை முழுக்க அறுந்து, முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றிருந்தது.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வேக்குவம், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு, அந்தத் தட்டை லேசாகத் திருப்பும், டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) முன்னே தள்ளுவதற்காக. திரும்பும்போது ஒயர் இழுபட்டுச் செம்பு விலகும், கரண்ட் நிற்கும். கரண்ட் நின்றால் வேகம் குறையும், வேக்குவம் விடும், தட்டு பழைய இடத்துக்கு வரும், செம்பு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் குலுங்கியது. கடையில் நிறுத்தி ஐடிலிங்கில் ஓடவிட்டால் மணிக்கணக்கில் ஓடும். மிதித்தால் நிற்கிறது என்றதும் எல்லோருக்கும் பெட்ரோல் பத்தவில்லை என்றுதான் தோன்றும். தப்பில்லை, ஆனால் யாரும் பல்பை எடுக்கவில்லை.

வேறு ஒயர் பற்றவைத்துப் போட்டுக் கொடுத்தார். பணம் கேட்கவில்லை, நானாக முந்நூறு ரூபாய் கொடுத்தேன். ஒயர் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண கெட்டி ஒயர் போட்டால் தட்டு ஆடி ஆடிச் சீக்கிரமே மறுபடி அறுந்துவிடும். நுண்ணிய இழைகள் கொண்ட, வளைந்து கொடுக்கிற ஒயர்தான் வேண்டும்.

பாயிண்ட் கருகியிருந்தால் வழியிலேயே தேய்த்து ஓட்டலாம். நைஸ் எமரி தாளை மடித்து இரண்டு முகத்துக்கும் நடுவே விட்டு நாலு இழுப்பு. பிறகு சுத்தமான வெள்ளைத் தாளை விட்டு இழுத்துத் தூளை எடுங்கள். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் இல்லையென்றால் கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்று வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கேம், அதாவது சுற்றுகிற தண்டில் இருக்கும் மேடு, பாயிண்டை முழுக்கத் தூக்கியிருக்கும் நிலையில்தான் அளக்க வேண்டும். அந்த நிலைக்குக் கொண்டுவர டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். முன்னால் ஹேண்டில் போடுகிற வசதி இருந்தால் அதில் சுற்றலாம், ஆனால் சாவி ஆஃபில் இருக்கட்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் உடையும்.

கண்டென்சரை ரோட்டில் நம்பகமாகச் சோதிக்க முடியாது. பாயிண்ட் திறக்கும்போது அங்கே பெரிதாகப் பொறி பறந்து, காயில் ஒயரில் பொறி சப்பையாக இருந்தால் கண்டென்சர்தான் என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். ஒரு ஸ்க்ரூதான். பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் சேர்த்து எனக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் வந்தது. புதிய கண்டென்சர்களின் தரத்தை நம்ப முடியவில்லை, அதனால் நான் ஓடுகிற பழையதைக் கழட்டி ஸ்பேராக வைத்துக்கொண்டு புதியதைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன்.

காயில் சூடாகிச் செத்துப்போய், ஆறியதும் உயிர் பிடிக்கும். கை வைக்க முடியாத சூடு என்றால் ஈரத்துணியைச் சுற்றி இருபது நிமிடம் விடுங்கள், டெர்மினலில் தண்ணீர் படாமல். ஸ்டார்ட் ஆனால் புதுக் காயில் வாங்க வேண்டியதுதான். இங்கே புதியவர்கள் செய்கிற தப்பு: எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனிலேயே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் தானாகவே வெந்துவிடும். சோதனை முடிந்ததும் ஆஃப்.

4. பெட்ரோல் வருகிறதா

கரண்ட் சரியென்று உறுதியான பிறகுதான் இது. பெட்ரோல் கேஜை நம்பாதீர்கள். என் வண்டியில் கால் டேங்க் என்று காட்டுவது காலி என்று அர்த்தம்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பம்ப் இழுக்க இழுக்க டேங்குக்குள் வெற்றிடம், பெட்ரோல் வராது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள். வேறு கம்பெனி மூடி மாட்டியிருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

அடுத்து, எஞ்சின் ஆறட்டும். கார்புரேட்டருக்குப் போகிற பைப்பைக் கழட்டி அதன் முனையை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். காயில் ஒயரை எடுத்து ஓரமாக எர்த்தில் மாட்டிவிட்டு, பொறி எங்கும் பறக்காதபடி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பீச்சிப் பீச்சிப் பெட்ரோல் வந்தால் பம்ப் நல்லது. பீடி, சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வருகிறவர்களை முதலிலேயே தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கல் பம்பை பழைய மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்பார்கள். குளிர்சாதனம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். அதன் அடியில் கையால் அடிக்கிற சின்ன லீவர் இருந்தால் அதை அடித்தும் பார்க்கலாம். லீவர் லொடலொடவென்று எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் பம்ப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். கேம் தூக்கிப் பிடித்திருக்கும் நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் அப்படித்தான் ஆடும். ஒரு சுற்று செல்ஃப் அடித்துவிட்டு மறுபடி அடியுங்கள். என் முதல் மெக்கானிக் லீவரை ஒரே தடவை ஆட்டிப் பார்த்துத்தான் 1,800 ரூபாய் பம்பை விற்றார்.

பெட்ரோல் வராமல் காற்றுக் குமிழியோடு வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. இளகும், வெடிக்கும், உதிர்ந்து கார்புரேட்டர் ஜெட்டில் போய் அடைக்கும். வண்டி வாங்கிய அன்றே எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது. பம்ப் டயாபிரம் கிட் வாங்கும்போதும் இதைக் கேட்டே வாங்குங்கள்.

மே மாத மத்தியானம், நெரிசலில் ஊர்ந்து வந்து நின்றதென்றால் வேப்பர் லாக்காக இருக்கலாம், அதாவது சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. பம்ப் மேலும் பைப் மேலும் ஈரத்துணி, அரை மணி நேர நிழல். தானாகச் சரியானால் பைப் சைலன்சர் பக்கம் உரசாமல் போகிறதா என்று வீட்டில் பாருங்கள்.

கார்புரேட்டர்வரை பெட்ரோல் வந்தும் ஓடவில்லை என்றால் பெட்ரோலை உள்ளே விடுகிற நீடில் வால்வு சிக்கியிருக்கலாம். ஸ்பேனர் பிடியால் கார்புரேட்டர் மூடி மேல் லேசாக இரண்டு தட்டு. இதைத் தாண்டி ரோட்டோரத்தில் கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். ஜெட் புல்லுக்குள் விழுந்தால் அன்றைக்குக் கதை முடிந்தது.

5. இரண்டும் வந்தும் ஓடவில்லை என்றால்

சத்தம் கேட்டு நின்ற வண்டி என்றால் செல்ஃப் அடிக்கிற இந்தச் சோதனை வேண்டாம், அடுத்த பத்திக்குப் போங்கள். இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டிச் செல்ஃப் அடிக்கச் சொல்லி ரோட்டாரைப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றவைக்கும் கியரோ டைமிங் செயினோ போயிருக்கிறது. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் 'விர்' என்று சுற்றினாலும் கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். ஆயில் பிரஷர் விழுந்து தட்டுகிற சத்தம் கேட்டிருந்தால் பேரிங். இந்த எதிலும் மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் பில்லில் ஒரு சைபர் கூடும்.

6. டோ வண்டி, காப்பீடு, செலவு

பிளாட்பெட், அதாவது வண்டியை அப்படியே மேலே ஏற்றுகிற லாரிதான் நல்லது. பேரம் ஏற்றுவதற்கு முன் முடிய வேண்டும்: எத்தனை கிலோமீட்டர், டோல் யார் பொறுப்பு, இறக்குகிற கூலி உண்டா. எனக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு 4,500 ஆனது, ஞாயிறு இரவு என்பதால். பகலில் இன்னும் குறைவாகப் பேசியிருக்கலாம். ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும், கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுங்கள். அம்பாசிடரின் முன் கிரில்லும் ஹப் கேப்பும் வழியில் காணாமல் போகக்கூடிய சாமான்கள்.

காப்பீட்டிலிருந்து இந்தச் செலவு வரும் என்று நினைக்காதீர்கள். முழுக் காப்பீடே எடுத்திருந்தாலும் விபத்து இல்லாத மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறுக்கு அதில் பணம் கிடையாது. ரோட்டோர உதவி என்பது தனியாகச் சேர்க்கும் வசதி. இத்தனை வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்குத் தர மாட்டோம் என்று பல இடங்களில் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வண்டியின் வருடத்தைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தால் 1489 சிசி வண்டி 1500-க்கு உட்பட்ட வகுப்பில் வரும். 2022-ல் அறிவித்த விகிதப்படி வருடத்துக்கு 3,416 ரூபாயும் வரியும். இசுசூ 1.8 எஞ்சின் அம்பாசிடர் 1500-ஐத் தாண்டிவிடுவதால் 7,897. வண்டி வாங்கும்போதே இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. மெக்கானிக் கடையில் காகித வேலை

என்ன அறிகுறி, நீங்கள் என்ன சோதித்தீர்கள், என்ன முடிவு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "கேட்காமல் எந்தப் பாகமும் மாற்ற வேண்டாம், கழட்டிய பழைய பாகம் எனக்கு வேண்டும்" என்று அதிலேயே எழுதுங்கள். பழைய பம்ப் என் கையில் இருந்ததால்தான் அது நன்றாகவே வேலை செய்கிறது என்று பின்னால் தெரிந்தது. இப்போது அது ஸ்பேர்.

ஆர்.சி. அசலைக் கடையில் விடாதீர்கள். டிஜிலாக்கரில் இருப்பது போதும். ஆனால் பழைய கையெழுத்து ஆர்.சி. புத்தகம் வைத்திருக்கிற வண்டிகள் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. உங்கள் நம்பரைப் போட்டுத் தேடினால் வரவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவை ஏற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். இதை வண்டி ஓடுகிற நாளிலேயே செய்யுங்கள். எனக்கு இதற்கு மூன்று நடை.

எஞ்சின் போய்விட்டது, சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் வேறு எஞ்சின் வாங்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எஞ்சின் நம்பர் மாறினால் ஆர்.சி.யில் மாற்றிப் பதிய வேண்டும், அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு பில் வேண்டும். இல்லையென்றால் அடுத்த பதிவுப் புதுப்பிப்பில் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் நம்பரைத் தேய்த்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

புதுப்பிப்பு 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. படிவம் 25. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதக் கட்டணம். புதுப்பிப்புக் கட்டணமே காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து 5,000, 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. வண்டி கடையில் பிரித்துக் கிடக்கும்போது தேதி தாண்டிவிடுவதில்தான் வழக்கமாக மாட்டிக்கொள்வார்கள். பெரிய வேலைக்கு விடுகிறீர்கள் என்றால் முதலில் ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள்.

8. டிக்கியில் என்ன இருக்க வேண்டும்

டெஸ்ட் பல்ப், பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டார், ஒரு பேன் பெல்ட், காயில் ஒயர், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸும் கிளிப்பும், ஃபீலர் கேஜ், எமரி தாள், ஐந்து லிட்டர் தண்ணீர். நான் மொத்தமாக 2,000 ரூபாய்க்குள் சேர்த்தேன். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் போங்கள், ஞாயிறு பல கடை மூடியிருக்கும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "அம்பாசிடர் பாயிண்ட்" என்று வாயால் கேட்டால் எந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஸ்பேனர் விஷயம் ஒன்று பாக்கி. அம்பாசிடர் எஞ்சினின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும்தான் அதிகம் வரும். வீட்டில் இருக்கிற மில்லிமீட்டர் செட்டில் 13-ஐ எடுத்து 1/2 போல்ட்டில் போட்டால் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும், இறுக்கிக் கழட்டும்போது வழுக்கித் தலையை உருட்டிவிடும். பத்மினிக்கு மில்லிமீட்டர் சரி. அம்பாசிடருக்கு இந்த மூன்று அளவில் ரிங் ஸ்பேனரும் ஓப்பன் ஸ்பேனரும் தனியாக வாங்கி, ஒரு துணியில் சுருட்டி ஸ்டெப்னி பக்கத்தில் வையுங்கள். சர்வீஸுக்கு வண்டி விடும்போது அந்தச் சுருட்டையும் டெஸ்ட் பல்பையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு விடுங்கள்.